உளுந்து கடன் கேட்க வந்தவர்கள்

விருதுநகரில் உளுந்துக்குப் பஞ்சம் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? பருப்பும், மிளகாய் வற்றலும், மல்லியும், எண்ணெயும் மூட்டை மூட்டையாகவும் டின் டின்னாகவும் வந்து இறங்கி, மறுபடி லாரி ஏறிப் பல ஊர்களுக்குப் போகிற ஊர் இது. என் வீட்டுக்காரர் பஜாரில் வைத்திருப்பதும் ஒரு பருப்பு மண்டிதான். அப்படிப்பட்ட ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் என் வீட்டுக் கதவைத் தட்டி, "மதினி, ஒரு ஆழாக்கு உளுந்து இருந்தால் கொடுங்களேன், நாளைக்குத் தந்துவிடுகிறேன்" என்று கேட்டால், இதில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும்.

இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆண்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தால், "இது பெண்கள் சமாசாரம்" என்று புரட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

2016-ஆம் வருஷம் ஆனி மாதம். எனக்கு அப்போது 46 வயது. குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் ஓரமாக, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி கிடையாது. சிவப்பு கிடையாது. என் தாயார் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருபது வருஷம் வேலை பார்த்தவள். "வலிக்கிற கட்டிக்கு நீ பயப்படு; வலிக்காத கட்டியை டாக்டரிடம் காட்டு" என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவள். ஆகவே அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு மண்டி லீவு" என்றார். அவருடைய தகப்பனார் காலமானதற்குப் பிறகு மண்டிக்கு விடுமுறை விட்டது அதுதான் முதல் தடவை.

மதுரையில் மாமோகிராம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், இரண்டாம் கட்டம் என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. எட்டுத் தடவை மருந்து ஏற்றினார்கள். அதன் பின் இருபத்தைந்து நாள் 'கரண்ட்' வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அதுதான் பெயர். மாத்திரையும் வருஷக்கணக்கில் சாப்பிட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். இதோ, உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

தலையில் மயிர் ஒரு விரற்கடை முளைத்திருந்த சமயம், அடுத்த சந்தில் இருந்த ஒருத்தி உளுந்து கேட்டு வந்தாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடைசியில் மெல்ல, "மதினி, உங்களுக்கு முதல் முதலில் எப்படித் தெரிந்தது?" என்றாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன். அன்று அவள் திரும்பிப் போகும்போது உளுந்தைத் திண்ணையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தி உறைமோர் கேட்பாள், ஒருத்தி ரவிக்கை அளவு கேட்பாள். "உங்கள் வீட்டுப் பூனை எங்கள் பாலைக் குடித்துவிட்டது" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது! உட்கார வைத்துக் காப்பி கொடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, சகோதரிகளே. காய்ச்சல் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி முனகுகிறோம். முழங்கால் வலியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் பேசுகிறோம். ஆனால் இந்த ஒரு இடத்தில் ஒன்று என்றால் வாய் ஏன் அடைத்துக்கொள்கிறது? நோயின் பெயரைக்கூட நாம் சொல்வதில்லை. "அந்த நோய்" என்கிறோம். உறுப்பின் பெயரையும் சொல்வதில்லை. "இந்த இடத்தில்" என்று கையைக் காட்டுகிறோம். இரண்டையும் விழுங்கிவிட்டால் டாக்டரிடம் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் கேட்பவற்றில் முதல் கேள்வி இதுதான்: "வலிக்கவே இல்லையே, அப்படியானால் ஒன்றும் இராதல்லவா?" இந்த ஆறுதலைப் போல ஆபத்தானது வேறில்லை. ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே சமயம், மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. வெறும் நீர்க்கட்டியாகவோ, தீங்கில்லாத சதைக்கட்டியாகவோ இருக்கும். எது எது என்று சொல்வது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. அது பரிசோதனையின் வேலை. புதிதாக ஒரு கட்டி. தோலில் குழி விழுதல், அல்லது ஆரஞ்சுப் பழத் தோலைப் போலத் தடித்தல். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுதல். காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிதல். ஒரு பக்கத்தின் வடிவம் மாறுதல். அக்குளில் நெறி கட்டுதல். இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் போய்க் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி, "கத்தி பட்டால், ஊசி பட்டால், உடம்பெல்லாம் பரவிவிடுமாமே?" என்பது. ஊசி குத்திச் சோதிப்பதால் நோய் பரவுவதில்லை. சோதிக்காமல் வைத்திருந்தால்தான் அது தன் இஷ்டத்துக்குப் பரவும். இன்னொன்று, முழு மார்பையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிறிய கட்டியாக இருக்கும்போது பிடித்துவிட்டால், கட்டியை மட்டும் எடுத்துக் 'கரண்ட்' வைத்தாலே முழுவதும் எடுத்தவர்களைப் போலத்தான் ஆயுள் இருக்கிறது என்று, 20 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சிகள் 2002-இல் சொல்லிவிட்டன. சீக்கிரம் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சலுகை.

மூன்றாவது கேள்வி சிவகாசிப் பக்கத்துப் பெண்கள் கேட்பது: "மருந்து வேலை பார்ப்பதால் வந்ததா?" எங்கள் ஜில்லாவில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து என்று அர்த்தம். உடம்புக்குச் சாப்பிடுவது அப்புறம்தான்! நான் மருந்து அறையின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை, எனக்கும் வந்தது. வயது ஏறுவது, உடல் பருமன், மது, சிறு வயதிலேயே பூப்படைவது, மாதவிலக்கு தாமதித்து நிற்பது என்று சில காரணங்களை டாக்டர்கள் சொல்கிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் இந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததையும் வயது ஏறியதையும் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று யாரும் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். இது பாவத்தின் சம்பளமும் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்வதும் அல்ல. எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான் என்றாலும், ஆண்களுக்கும் வருகிறது.

இனிமேல் சொல்லப் போவது சந்தோஷமான விஷயம் அல்ல.

சிவகாசிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், தூரத்து உறவில் எனக்கு மதினி முறையான ஒருவர் இருந்தார். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. பின்னினால் கூலி, பின்னாத நாளைக்குக் கூலி இல்லை. அவர் விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், பூக்கட்டுகிறவர்கள் வெட்கப்படுவார்கள். 2022-ஆம் வருஷம் ஆவணியில் அவருக்குக் கட்டி தெரிந்திருக்கிறது. ஆவணி, புரட்டாசி என்றால் சிவகாசியில் மூச்சு விட நேரம் இருக்காது. நாடெல்லாம் தீபாவளிக்குக் காத்திருக்கும்போது, அங்கே தீபாவளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். "தீபாவளி போகட்டும்" என்று இருந்துவிட்டார்.

தீபாவளி போயிற்று. போனஸ் பணம் கடனுக்குப் போயிற்று. ஆலை திறக்கிற வரையில் கூலி கிடையாது. நேரம் இருந்தது, காசு இல்லை. "பொங்கல் போகட்டும்" என்றார். பொங்கலும் போயிற்று. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். உளுந்து, மோர் என்று சாக்குச் சொல்லத் தெரியாத மனுஷி. "மதினி, இதைப் பாருங்க" என்று ரவிக்கையை விலக்கிக் காட்டினார். நான் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். சிகிச்சையில் வலி குறைந்தது, புண் ஆறியது, நடுவில் சில மாதம் வேலைக்குக்கூடப் போய் வந்தார். தலை மொட்டையானபோது, "இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி இறக்கினேன்" என்று ஊராரிடம் சொல்லிச் சமாளித்தார். சாத்தூருக்குப் பக்கத்தில் அந்தக் கோயில் இருப்பது எத்தனை பெண்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று என்று அந்த அம்மனுக்குத்தான் தெரியும்! இரண்டு தீபாவளிகள் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கவில்லை.

போவதற்குப் பத்து நாள் முன்னால் என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் தீபாவளிக்கு அப்புறம்னு சொல்லியே பழகிட்டோம் மதினி. எங்க ஊருல சொல்லுங்க." அவருக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். இனி என் வார்த்தைகளில் கொஞ்சம் கண்டிப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கூலியில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்துகொண்டிருந்தது. பிடிக்கிறார்கள் என்று தெரியும். எதற்கு என்று தெரியாது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு வைத்தியச் செலவு கிடைப்பதோடு, புற்றுநோய் போன்ற நீண்டகால வியாதியில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 80 சதவிகிதம் வரை, அதிகபட்சம் இரண்டு வருஷம், கிடைக்க வழி இருக்கிறது. இவ்வளவு காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு, அவற்றை ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவள், உங்கள் தெருவில் குடியிருக்கிறவள், யாராவது ஆலைக்குப் போகிறவளாக இருந்தால் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அவளிடம் சொல்லுங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தது, பிறகு பெயரும் விரிவும் மாறித் தொடர்ந்து வருகிறது. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய் ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் இதில் வழி உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கையில் இருந்தால் அட்டை வாங்குவது பெரிய காரியமில்லை. கட்டி வந்த பிறகு அட்டைக்கு ஓடாமல், இப்போதே வாங்கி அரிசிப் பானைக்கு அடியிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பிரயாணத்துக்கும் சலுகை இருக்கிறது. சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதியுள்ள இரண்டாம் வகுப்பில் கட்டணமே கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு நூற்றுக்கு 75 தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சான்று வேண்டும். இது தெரியாமல் காசைக் கொட்டி அழுதவர்கள் எத்தனை பேர்!

எங்கே போவது என்று கேட்கிறீர்களா? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை உண்டு. பார்க்கிறவரும் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். விருதுநகரில் 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மதுரையில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாலரெங்காபுரத்தில் புற்றுநோய்க்கென்றே அரசாங்க சிகிச்சை மையம் இருக்கிறது.

சுகாதார நிலையத்து நர்ஸ் கையால் தடவிப் பார்த்து என்ன தெரியப் போகிறது என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-இல் ஒரு காரியத்தை ஆரம்பித்தார்கள். குடிசைப் பகுதிகளில் உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, பயிற்சி கொடுத்த சாதாரணப் பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையாலேயே பரிசோதனை செய்தார்கள். 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயது தாண்டியவர்களில் இந்த நோயால் சாவு ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்திருந்தது. பெரிய யந்திரம் எதுவும் இல்லை. பழகிய பத்து விரல்கள்தான்!

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. சீனாவில் ஷாங்காய் நகரத்தில் துணி ஆலைகளில் வேலை செய்கிற இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்களில் ஒரு பாதிக்குத் தாங்களே பரிசோதித்துக்கொள்ளும் முறையைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவின்படி, அதனால் மட்டும் சாவு குறையவில்லை. ஆகவே மாதாமாதம் கண்ணாடி முன் நின்று பயந்துகொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மாறினால் போய்க் காட்டுங்கள். வயதானவர்கள் டாக்டர் சொல்கிறபடி மாமோகிராமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் வருஷத்துக்கு 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் காண்கிறது என்பது 2022-ஆம் வருஷத்துக் கணக்கு. பணக்கார தேசங்களில் இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். நம் தேசத்தில் 66 பேர்தான். நோய் வேறல்ல, அவர்கள் போகிற நாளும் நாம் போகிற நாளும்தான் வேறு.

வாய் திறந்து பேசியவர்களால்தான் இந்த விஷயத்தில் காரியம் நடந்திருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். அவருடைய தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்துபோனார். வீட்டோடு அழுதுவிட்டு அந்த அம்மாள் உட்கார்ந்துவிடவில்லை. விடாமல் வாதாடி, பணம் திரட்டி, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்ணை மூடும் வரை அந்த ஆஸ்பத்திரியையே தம் வீடாகக் கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு 1952-இல் மார்பை எடுத்து ஆபரேஷன் செய்தார்கள். கையை எப்படித் தூக்குவது, உள்ளே என்ன அணிவது, புருஷனிடம் என்ன பேசுவது என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. தாமே தேகாப்பியாசம் கண்டுபிடித்துக்கொண்டு, மற்ற நோயாளிகளின் அறைகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சில டாக்டர்களுக்குக் கோபம்கூட வந்தது. அந்த அம்மாள் விடவில்லை. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. சிகிச்சை முடித்தவள் சிகிச்சைக்குப் போகிறவளுக்குத் துணை நிற்கிற அந்த முறை பிறகு பல தேசங்களுக்கும் பரவியது. சதையை டாக்டர் பார்த்துக்கொள்வார். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற பயத்தை, அதே இரண்டு மணிக்கு விழித்திருந்தவள்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றும் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மகளுக்கு வரன் பார்த்தோம். முதலில் வந்தவர்கள் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் சங்கதி காதில் விழுந்ததும் ஜாதகம் திடீரென்று பொருந்தாமல் போய்விட்டது. அடுத்து ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "இந்தத் தடவை நீ வாயைத் திறக்காதே" என்று என் நாத்தனார் முன்கூட்டியே எச்சரித்தார். பெண்ணின் நன்மைக்காகத்தான் சொன்னார். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் பேச்சுக் கேட்கப் போவது என் மகள் அல்லவா? காப்பி கொடுத்து முடிந்ததும், பிள்ளையின் தாயாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தார். "போயிற்று, இதுவும் போயிற்று" என்று நினைத்துக்கொண்டேன். அவர் தம்ளர்களைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்கள் எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான்கு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லையாம். கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தாராம். அந்த வாரமே இருவருமாக மதுரைக்குப் போனோம். நல்ல வேளை, வெறும் நீர்க்கட்டி. ஊசியால் நீரை எடுத்து விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் அழுத அழுகை, நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்கூட அழமாட்டார்கள். இப்போது அவர் என் சம்பந்தி. என் மகளுக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார்: தாய்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாகவே, அதாவது 36 வயதிலிருந்தே, அவள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இது பரம்பரையாக வருகிறது. அதை நினைத்துப் பெண்ணை ஒதுக்குவது அநியாயம். அதை மறைத்து அவளுக்கு எச்சரிக்கை இல்லாமல் செய்வதும் அநியாயம்.

நோய் கண்டவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. "எங்கள் அத்தைக்கும் இதுதான், ஆறு மாதத்தில் போய்விட்டாள்" என்ற கதையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கைப்பேசியில் வந்த சீத்தாப்பழ இலைக் கஷாயத்தையும், "சர்க்கரையை நிறுத்தினால் கட்டி கரைந்துவிடும்" என்ற வீடியோவையும் அவளிடம் காட்டாதீர்கள். அதை நம்பி ஆஸ்பத்திரியை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மருந்து ஏற்றிய நாட்களில் தாளிக்கிற வாசனையே குமட்டும். ரசம் சாதமோ, இட்லியோ செய்து கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடப் போங்கள். டாக்டர் சொல்வது அவள் காதில் பாதிதான் ஏறும். மீதியை நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்காமலிருக்கச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தாளா என்று கேளுங்கள். குடத்தைத் தூக்க விடாதீர்கள்.

புருஷர்களுக்கு ஒரே வார்த்தை. "இந்தப் பருவம் போகட்டும்" என்று அவள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன தைரிய வார்த்தை எதுவும் ஞாபகமில்லை. மண்டியை மூடியதுதான் ஞாபகமிருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அநேகமாக அது எங்கள் சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும். கட்டியென்று டாக்டரிடம் போய்ச் சொன்ன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அது இன்னதென்று முடிவு தெரிந்தாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த நாளை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளுக்கும் டாக்டரிடம் போகிற நாளுக்கும் நடுவில் எத்தனை தாள் கிழிய வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு தாள் போதும். அதில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்கும். அவற்றைப் பார்க்காமல் கிளம்புங்கள்.